உதிர்ந்த சுள்ளி யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

தனியுடைமை பற்றி அரசியல் தத்துவம் என்ன சொல்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் பட்டிமன்ற மேடை நினைவுக்கு வந்தால் அது உங்கள் குற்றமில்லை. தனியுடைமையே மனித சுதந்திரத்தின் காவல் என்று ஓர் அணி, அதுவே எல்லாக் கேட்டுக்கும் ஊற்று என்று மறு அணி. முன்னதற்கு 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் தலைவர், பின்னதற்கு 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் சிந்தனையாளர் கார்ல் மார்க்ஸ். பாடப்புத்தகங்களும் ஏறக்குறைய இப்படித்தான் அணி பிரிக்கின்றன.

இந்தப் பிரிவினையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இரண்டு அணியிலும் நாற்காலி கிடைக்காத ஒருவர் வெளியே நின்றுகொண்டிருக்கிறார். நிலம் அவர் பெயரில் இல்லை. அதை எடுத்துக்கொள்ள நினைக்கும் அரசாங்கத்திலும் அவருக்குப் பங்கில்லை. அந்த நிலத்தில் விறகு பொறுக்குவதும், ஆடு மேய்ப்பதும், அறுவடைக்குப் பிறகு சிந்திய கதிரை எடுப்பதும் மட்டுமே அவருக்கும் அவருடைய பாட்டன் பூட்டனுக்கும் வழக்கம். அவரை முதலில் உள்ளே அழைத்து உட்கார வைப்போம். பிறகு தத்துவவாதிகள் பேசட்டும்.

லாக்கிலிருந்து தொடங்குகிறேன். ஆட்சியதிகாரம் குறித்த அவருடைய இரண்டு ஆய்வுரைகள் 1689ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் அச்சாகி வெளிவந்தன. ஆசிரியர் பெயர் அட்டையில் இல்லை. தாம்தான் எழுதினோம் என்பதைத் தம் உயிலின் பிற்சேர்க்கையில்தான் அவர் ஒப்புக்கொண்டார். அந்த அளவுக்கு அது அபாயமான புத்தகம். உலகம் முழுவதையும் கடவுள் ஆதாமுக்குக் கொடுத்தார், அவருக்குப் பின் அந்த உரிமை அரசர்களுக்கு வந்தது, ஆகவே குடிமக்களின் சொத்தும் கடைசியில் அரசருடைய தயவே என்று வாதிட்ட ராபர்ட் ஃபில்மர் என்பவருக்கு அது பதில். லாக் சொன்னார்: கடவுள் பூமியை எல்லா மனிதருக்கும் பொதுவாகத்தான் கொடுத்தார். இப்படிச் சொன்னதும் அவருக்கே ஒரு சிக்கல் வந்துவிட்டது. எல்லாம் பொது என்றால், ஒருவன் ஒன்றை என்னுடையது என்று சொல்வது எப்படி?

அவர் தேர்ந்தெடுத்த உதாரணத்தைக் கவனியுங்கள். ஒருவன் காட்டில் ஓக் மரத்தடியில் கொட்டைகளைப் பொறுக்கித் தின்கிறான். வயிற்றுக்குள் போனது அவனுடையதுதான், யாரும் மறுக்க முடியாது. அது எந்தக் கணத்தில் அவனுடையதாயிற்று? செரித்தபோதா, தின்றபோதா, வேகவைத்தபோதா, வீட்டுக்குக் கொண்டுவந்தபோதா, பொறுக்கியபோதா? பொறுக்கியபோதே ஆகவில்லை என்றால் பிறகு எதனாலும் ஆகியிருக்க முடியாது என்கிறார் லாக். அவனவன் உடல் அவனவனுக்குச் சொந்தம். உடலின் உழைப்பும் சொந்தம். பொதுவில் கிடந்த ஒன்றோடு அந்த உழைப்பு கலந்துவிட்டால் அதுவும் சொந்தம். ஊரைக் கூட்டி ஒப்புதல் கேட்டுக்கொண்டிருந்தால் பசியில் செத்துப்போவான் என்கிறார். இதற்கு இரண்டு வரம்பும் விதித்தார். வீணாகும் அளவுக்கு எடுக்கக் கூடாது. மற்றவர்களுக்குப் போதிய அளவும் அதே தரத்திலும் மிச்சமிருக்க வேண்டும்.

ஆக, தனியுடைமைக் கோட்பாட்டின் மூலப்பத்திரத்தில் முதல் உடைமையாளராக வருபவர், மரத்தடியில் பொறுக்குகிறவர். நாம் உள்ளே அழைத்து உட்கார வைத்த அதே ஆள். இவ்வளவு மரியாதையோடு தொடங்கியவர் பிறகு எப்படிக் காணாமல் போனார் என்பதுதான் கதை.

அடுத்த சில வரிகளிலேயே அது நடக்கத் தொடங்குகிறது. என் குதிரை மேய்ந்த புல்லும், என் வேலையாள் வெட்டிய புல்மண் கட்டிகளும், நான் தோண்டிய கனிமமும் யார் ஒப்புதலும் இன்றி என்னுடையவை ஆகின்றன என்று எழுதுகிறார். வெட்டியவன் வேலையாள், சொந்தம் எசமானுக்கு. உழைத்தவனுக்கே உடைமை என்று இப்போதுதானே சொன்னார்? கூலி கொடுத்தால் உழைப்பும் கைமாறும் என்பது அவர் கருத்து. அதை அவர் விளக்கவும் இல்லை, அதில் விளக்க ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவும் இல்லை. பிறகு பணம் வருகிறது. ஆப்பிள் அழுகும், தங்கம் அழுகாது. தங்கத்துக்கு மதிப்பு உண்டு என்று மனிதர்கள் ஒப்புக்கொண்டதுமே, வீணாக்காமல் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றாகிறது. முதல் வரம்பு இப்படிக் கழன்றது. இரண்டாவது வரம்புக்கு அமெரிக்கா இருந்தது. தொடக்கத்தில் உலகம் முழுவதுமே அமெரிக்காவாக இருந்தது என்பது அவருடைய புகழ்பெற்ற வாக்கியம். அங்கே பரந்த, செழிப்பான நிலத்தை ஆளும் அரசன்கூட உண்பதிலும் உடுப்பதிலும் இங்கிலாந்தின் தினக்கூலியை விடத் தாழ்ந்திருக்கிறான், ஏனென்றால் நிலம் உழப்படவில்லை என்கிறார். வேட்டையாடியும் பொறுக்கியும் வாழ்கிறவர்களுக்கு, கொன்ற மானும் பறித்த பழமும் சொந்தம். அந்தக் காடு சொந்தமல்ல.

இதை எழுதியவர் கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவர் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. இங்கிலாந்தின் ஊர்ப் பொதுநிலத்தைப் பற்றிப் பேசும்போது அதே லாக் மிகவும் கவனமாக இருக்கிறார். அதை மற்றப் பங்காளிகளின் ஒப்புதல் இல்லாமல் யாரும் வேலி போட்டு எடுக்க முடியாது, ஏனென்றால் அது சட்டத்தால் பொதுவாக வைக்கப்பட்டது என்கிறார். கடலைக் கடந்ததும் அந்தக் கவனம் மறைந்துவிடுகிறது. அமெரிக்கப் பழங்குடிகளுக்கும் தங்கள் காட்டைப் பற்றி இப்படி ஓர் உடன்பாடு இருந்திருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை.

உழைப்பைக் கலந்தால் உடைமை வரும் என்ற வாதத்தைக் கிண்டல் செய்த ஒருவர், வேடிக்கை என்னவென்றால், தனியுடைமையின் மிகத் தீவிரமான ஆதரவாளர்களில் ஒருவர். அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக், 1974இல் எழுதியது. ஒரு டின் தக்காளிச் சாற்றை நான் கடலில் ஊற்றுகிறேன், அது கடல் முழுவதும் சீராகக் கலந்துவிடுகிறது. இப்போது கடல் எனக்குச் சொந்தமாகிவிட்டதா, அல்லது நான் என் தக்காளிச் சாற்றை முட்டாள்தனமாக இழந்துவிட்டேனா? ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே இந்த இயற்கை உரிமைப் பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சொத்து என்பது மனிதர்களுக்குள் மெல்ல உருவான ஏற்பாடு என்றார். ஒரே படகில் இரண்டு பேர் துடுப்பு வலிக்கும்போது வாக்குறுதி எதுவும் கொடுக்காமலே கை ஒத்துப்போகிறதே, அதுபோல. எனக்கு ஹியூமின் பேச்சுப் பிடிக்கும். ஆனால் படகில் ஏற்றப்படாதவர் பற்றி அவரிடமும் பெரிதாகப் பதில் கிடையாது.

பிரெஞ்சு மொழியில் எழுதிய தத்துவவாதி ரூசோவைச் சுருக்கமாகவே கடக்கப்போகிறேன், அவருடைய வாக்கியம் எல்லாருக்கும் தெரியும் என்பதால். ஒரு துண்டு நிலத்தைச் சுற்றி வேலி போட்டு, இது என்னுடையது என்று முதலில் சொன்னவனும், அதை நம்பும் வெகுளிகள் அவனுக்குக் கிடைத்ததுமே சமூகத்தின் தொடக்கம் என்று 1755இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அதே ஆண்டில் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், குடிமக்களின் உரிமைகளிலேயே மிகப் புனிதமானது சொத்துரிமை, சில வகைகளில் சுதந்திரத்தை விடவும் முக்கியமானது என்றும் எழுதினார். மேடையில் மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1840இல் சொத்து என்றால் திருட்டு என்று அறிவித்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோனும் இப்படித்தான். அரசின் அதிகாரத்துக்கு எதிரே நிற்க வலுவுள்ள ஒரே சக்தி சொத்துதான் என்ற முடிவுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தார். இவர்களை முரண்பட்டவர்கள் என்று கேலி செய்வது எளிது. சொத்து என்ற ஒரே பெயருக்குள் ஒத்துப்போகாத பல உறவுகள் அடைபட்டிருக்கின்றன என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி என்னை மிகவும் ஈர்த்த இடத்துக்கு வருகிறேன். இடம் ஜெர்மனியின் ரைன் மாகாணம், அன்று பிரஷ்ய அரசின் ஆட்சியில் இருந்தது. ஆண்டு 1842. மொழி நடை கொஞ்சம் சட்டப்புத்தக வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரைன் பகுதியின் ஏழைகள் குளிர்காலத்தைத் தாண்டியது காட்டு விறகை நம்பித்தான். உதிர்ந்த கிளை, காய்ந்த சுள்ளி, இவற்றைப் பொறுக்குவது பழைய வழக்கம். யாரும் அதற்குப் பத்திரம் எழுதி வைக்கவில்லை. காட்டில் பெரும்பகுதி ஊர்ப் பொதுவாகவோ மடாலயங்களின் உடைமையாகவோ இருந்த காலத்தில் அதற்குத் தேவையும் வரவில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் மடாலயச் சொத்துகள் பறிக்கப்பட்டு விற்கப்பட்டன. காடுகள் தனியார் கைக்கு மாறின. பிறகு தொழிற்சாலைகள் வந்தன, மரத்தின் விலை ஏறியது. நேற்றுவரை யாரும் எண்ணிப் பார்க்காத சுள்ளிக்கும் கணக்கு வந்தது. 1836ஆம் ஆண்டில் பிரஷ்யாவில் தொடுக்கப்பட்ட சுமார் 2 லட்சத்து 7 ஆயிரம் வழக்குகளில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் வழக்குகள் விறகுத் திருட்டும் மற்ற வனக் குற்றங்களும்தான். ஒரு நாட்டின் குற்றப் பதிவேட்டில் நான்கில் மூன்று பங்கு காட்டைப் பற்றியது என்றால், மக்கள் திடீரென்று கெட்டுப்போய்விட்டார்கள் என்று பொருளா, சட்டம் இடம் மாறிவிட்டது என்று பொருளா?

1841இல் டுஸெல்டோர்ஃப் நகரில் கூடிய ரைன் மாகாண சபை, இந்த விஷயத்தில் ஒரு மசோதாவை விவாதித்தது. நிலமுடையவர்களே அதில் உறுப்பினராக முடியும். உதிர்ந்த விறகைப் பொறுக்குவதும், நிற்கும் பச்சை மரத்தை வெட்டுவதும் ஒரே குற்றம், இரண்டுமே திருட்டு என்பது மசோதாவின் சாரம். நகரப் பிரதிநிதி ஒருவர் இதை எதிர்த்தார். சிறு தவற்றையும் திருட்டு என்று முத்திரை குத்தினால் பலரை நிஜமான குற்றத்துக்கே தள்ளிவிடுவோம் என்றார். அதற்குப் பிரபுக்களின் பிரதிநிதி ஒருவர் சொன்ன பதில்: இதைத் திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு நடக்கிறது.

மறு ஆண்டு, கொலோன் நகரிலிருந்து வந்த ரைனிஷ் ஸைட்டுங் என்ற நாளிதழில் இந்த விவாதத்தைப் பிரித்து மேய்ந்து ஒரு தொடர் வெளியானது. அக்டோபர் 25 முதல் நவம்பர் 3 வரை ஐந்து பகுதிகள். எழுதியவர் அந்தப் பத்திரிகைக்கு அப்போதுதான் ஆசிரியரான 24 வயது இளைஞர், கார்ல் மார்க்ஸ். சட்டம் படித்தவர், வழக்கறிஞரின் மகன். மேலே சொன்ன பிரபுவின் வாதத்தை அவர் இப்படி மடக்குகிறார்: கன்னத்தில் அறைவதைக் கொலை என்று யாரும் நினைப்பதில்லை, அதனால்தான் அறைவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே கன்னத்தில் அறைந்தால் கொலை என்று சட்டம் போடுவோமா?

நக்கல் ஒருபுறம் இருக்க, அவருடைய வாதம் நுட்பமானது. அது இன்று நாம் மார்க்சியம் என்று அழைக்கும் வாதமே அல்ல. உற்பத்திச் சாதனம், வர்க்கப் போர், உபரி மதிப்பு எதுவும் அதில் கிடையாது. காட்டுச் சொந்தக்காரருடைய உரிமையை முழுதாக ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் தொடங்குகிறார். பச்சை மரத்தை வெட்டுகிறவன் மரத்தோடு உரிமையையும் வெட்டுகிறான், சரி. வெட்டிப் பதப்படுத்திய கட்டையை எடுப்பவன் ஒருவருடைய உழைப்பை எடுக்கிறான், அதுவும் சரி. உதிர்ந்த சுள்ளியின் கதை வேறு. சொந்தக்காரருக்கு உரியது மரம். அந்த மரமே கைவிட்டுவிட்ட கிளை இது. பாம்பு உரித்த சட்டைக்கும் பாம்புக்கும் உள்ள தொடர்புதான் சுள்ளிக்கும் மரத்துக்கும். இயற்கை ஏற்கெனவே வழங்கிவிட்ட தீர்ப்பைத்தான் பொறுக்குகிறவன் நிறைவேற்றுகிறான்.

பிறகு இன்னும் ஆழமாகப் போகிறார். இடைக்காலத்தில் சொத்து என்பது முழுக்கத் தனியாருடையதாகவும் இல்லை, முழுக்கப் பொதுவாகவும் இல்லை. இரண்டும் கலந்து, எல்லை தெளியாமல் கிடந்தது. நவீன சட்டம் வந்து அந்தக் கலப்பைப் பிரித்தது. மடாலயச் சொத்தில் மடத்துக்கு ஓர் உரிமை இருந்தது, அதை நம்பிப் பிழைத்த ஏழைக்கும் ஓர் உரிமை இருந்தது. மடத்தின் சொத்து கைமாறியபோது மடத்துக்கு ஏதோ ஒரு ஈடு கிடைத்தது. ஏழைக்கு இருந்த பங்கைப் பற்றி எந்தப் பத்திரத்திலும் ஒரு வரி எழுதப்படவில்லை. புதிய சொந்தக்காரர் வாங்கியது ஒருவருடைய உரிமை, அவருக்குக் கிடைத்ததோ இருவருடைய உரிமை. என்னைக் கேட்டால், தனியுடைமை பற்றி 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவற்றில் கூர்மையான இடம் இதுதான். மூலதனம் என்ற பெரிய நூலைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட இந்தக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்திருப்பதில்லை.

விவாதத்தில் வந்த வேறொரு செய்தி. ஏழை வீட்டுக் குழந்தைகள் காட்டுப் பெர்ரிப் பழங்களைப் பறித்து விற்று நாலு காசு பார்ப்பது உண்டு. அதையும் திருட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றார் ஓர் உறுப்பினர். அவர் காட்டிய காரணம்: எங்கள் பக்கத்தில் இந்தப் பழங்கள் இப்போது வியாபாரப் பொருளாகிவிட்டன, பீப்பாய் பீப்பாயாக ஹாலந்துக்குப் போகின்றன. அதாவது, ஒரு பொருளுக்குச் சந்தையில் விலை வந்துவிட்டது என்பதே அதைக் குழந்தையின் கையிலிருந்து எடுத்துக்கொள்ளப் போதிய நியாயம். மசோதாவின் தண்டனைப் பகுதி இதை விட விசேஷம். திருடிய விறகின் மதிப்பைக் கணக்கிடுகிறவர் யார்? காட்டுச் சொந்தக்காரரிடம் சம்பளம் வாங்கும் வனக்காவலர். அபராதம் யாருக்குப் போகும்? அரசுக் கருவூலத்துக்கு அல்ல, காட்டுச் சொந்தக்காரருக்கு. கட்ட முடியாதவன்? அவருடைய காட்டிலேயே வேலை செய்து கழிக்க வேண்டும். விறகை விற்றால் கிடைக்கும் பணத்தை விட, அது திருட்டுப்போனால் அவருக்குக் கிடைக்கும் வருமானம் அதிகம்.

மக்கள் தண்டனையைப் பார்க்கிறார்கள், குற்றத்தைப் பார்க்க முடியவில்லை. குற்றமில்லாத இடத்தில் தண்டனையைப் பார்த்துப் பழகியவர்கள், தண்டனை இருக்கும் இடத்திலும் குற்றத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று எச்சரித்தார் மார்க்ஸ். கட்டுரையின் முடிவில் கியூபாவின் ஆதிக்குடிகள் வருகிறார்கள். ஸ்பானியர்கள் வணங்கும் தெய்வம் தங்கம் என்று நினைத்து, அதற்கு விழா எடுத்து, ஆடிப்பாடி, பிறகு அதைக் கடலில் தூக்கிப் போட்டார்களாம். அவர்கள் மாகாண சபையில் வந்து உட்கார்ந்திருந்தால், ரைன் நாட்டார் வணங்கும் தெய்வம் மரக்கட்டை என்று முடிவு செய்திருப்பார்கள் என்று குத்துகிறார். அடுத்த வசந்தத்தில் பிரஷ்ய அரசு பத்திரிகையை மூடிவிட்டது. பொருளாதாரத்தின் பக்கம் தம்மை முதலில் திருப்பியவற்றுள் இந்த விறகுத் திருட்டு விவாதமும் ஒன்று என்று 1859இல் மார்க்ஸே நினைவுகூர்ந்தார்.

இந்தக் கட்டுரைகளில் ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் நிழல் விழுந்திருப்பதையும் சொல்ல வேண்டும். மனிதனுடைய விருப்புறுதி வெளியுலகில் ஒரு பொருளில் குடியேறுவதுதான் உடைமை, அது இல்லாமல் ஒருவர் முழு ஆளாக முடியாது என்பது ஹெகல் கருத்து. இப்படிச் சொன்னால் எல்லாருக்கும் கொஞ்சமாவது உடைமை வேண்டும் என்றுதானே முடிய வேண்டும்? யாருக்கு எவ்வளவு என்பது தற்செயல் என்று சொல்லி ஹெகல் நகர்ந்துவிடுகிறார். நகராமல் நின்றவர் அந்த 24 வயதுக்காரர்.

ஜெர்மனிக்கு மட்டும் வந்த வியாதி என்று இதை ஒதுக்க வேண்டாம். இங்கிலாந்தில் அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவது ஏழைப் பெண்களின் உரிமை என்று தலைமுறை தலைமுறையாக எல்லாரும் நம்பியிருந்தார்கள். வயலின் ஓரத்தை முற்ற அறுக்காதே, சிந்தியதை ஏழைக்கு விடு என்று விவிலியத்தின் லேவியராகமமும் சொல்கிறது. சஃபோக் பகுதியின் டிம்வொர்த் என்ற ஊரில் மேரி ஹாட்டன் என்ற பெண் அப்படிக் கதிர் பொறுக்கியதற்கு வயல்காரர் வழக்குப் போட்டார். 1788இல் தீர்ப்பு வந்தது. அப்படி ஓர் உரிமை பொதுச் சட்டத்தில் கிடையாது என்றது பெரும்பான்மை. நீதிபதி கோல்ட் ஒருவர் மட்டும் விவிலியத்தையும் எடுத்துக்காட்டி மாறுபட்டார். ஊர்ப் பொதுநிலத்தை வேலி போட்டுத் தனியுடைமையாக்கும் வேலியடைப்பும் இதே காலத்தில் வேகமெடுத்தது. 1604க்கும் 1914க்கும் இடையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலியடைப்புச் சட்டங்கள் 5,200க்கு மேல். உள்ளே போன நிலம் 68 லட்சம் ஏக்கர். மற்றப் பங்காளிகளின் ஒப்புதல் வேண்டும் என்று லாக் சொன்னாரே, அந்த இடத்தில் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வந்து உட்கார்ந்துகொண்டது. நாடாளுமன்றத்தில் இருந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை கேட்டவர்கள், அப்படியானால் தனியுடைமையை ஒழித்துவிட்டால் பொறுக்குகிறவருக்கு விடிவு வந்துவிடுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு வரலாறு கொடுத்த பதில் கசப்பானது. சோவியத் யூனியனில் நிலம் கூட்டுப்பண்ணைகளுக்குப் போனது. 1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி ஓர் ஆணை பிறந்தது. சோசலிசச் சொத்தைத் திருடினால் சுட்டுக்கொல்லலாம். தண்டனையைக் குறைக்கக் காரணம் இருந்தால் பத்து ஆண்டு சிறை. பஞ்சம் தலைவிரித்தாடிய அந்த நாட்களில், அறுத்த வயலில் மிச்சமிருந்த கதிரைப் பொறுக்கிய பசித்த விவசாயிகள் இந்த ஆணையில் சிக்கினார்கள். ஐந்து கதிர்ச் சட்டம் என்றே மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். சுள்ளி பொறுக்கியவனுக்காக மார்க்ஸ் வாதாடி அப்போது 90 ஆண்டுகள் ஆகியிருந்தன. மார்க்ஸின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்த அரசு, டிம்வொர்த் வயல்காரர் கேட்டதை விடப் பல மடங்கு கொடுமையானதைச் செய்தது.

தனியுடைமையின் ஆதரவாளர்களுக்கு நான் மரியாதை கொடுக்கும் இடம் இது. லாக் பயந்தது அரசனின் கையைக் கண்டு. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. தன் பெயரில் ஒரு காணி இருக்கிற சிறு விவசாயி அதிகாரியின் முன் நிமிர்ந்து நிற்க முடிகிறது. அது வெறும் பொருளாசை இல்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்: தனியார், அரசு. எதிரணியின் பெரும்பகுதியும் அதே இரண்டு பெட்டிகளோடுதான் வருகிறது, எது நல்லது என்பதில்தான் சண்டை. சுள்ளி பொறுக்கும் பெண்ணின் இடத்தில் நின்று பார்த்தால் இரண்டு பெட்டிக்கும் ஒரே பூட்டு. அவளிடம் இருந்தது நிலத்தின் மீது முழு ஆட்சி இல்லை, நிலத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும் பங்கு மட்டும். முழு ஆட்சி என்ற எண்ணம் வந்தபோது, அது தனியாருக்கு வந்தாலும் அரசுக்கு வந்தாலும், முதலில் கழிக்கப்பட்டது அவளுடைய பங்கு. மார்க்ஸுக்கே பிற்காலத்தில் இது மீண்டும் தட்டுப்பட்டது என்று நினைக்கிறேன். 1881இல் ரஷ்யப் புரட்சியாளர் வேரா ஸாசுலிச் எழுதிக் கேட்டபோது, ரஷ்யக் கிராமப் பொதுவுடைமை அழிந்துதான் தீர வேண்டும் என்று என் நூல் சொல்லவில்லை என்று பதில் எழுதினார். அந்தச் சிறிய கடிதத்துக்குப் பல நகல்கள் எழுதி எழுதி அடித்திருக்கிறார்.

பொதுநிலம் என்றால் ஆளாளுக்கு மேய்த்து அழித்துவிடுவார்கள் என்று 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதியது இன்றும் மந்திரம் போல ஓதப்படுகிறது. அவர் கற்பனை செய்த மேய்ச்சல் நிலத்தில் விதி எதுவும் இல்லை, மேய்க்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதும் இல்லை. அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் நிஜமான ஊர்களைப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில் 1517ஆம் ஆண்டிலிருந்து ஒரு விதி எழுத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் தன் தீவனத்தில் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாடுகளைத்தான் ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். காவல்துறையும் வேண்டாம், தத்துவமும் வேண்டாம், தொழுவத்தில் தலையை எண்ணினால் போதும். இதுபோன்றவற்றை ஆராய்ந்ததற்காக அவருக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

ரைன் நதிக்கரையிலிருந்து சென்னை மாகாணத்துக்கு ஒரு வழி உண்டு. மார்க்ஸ் ஓராண்டு சட்டம் பயின்ற பான் நகரில் 1824இல் பிறந்தவர் டீட்ரிச் பிராண்டிஸ். தத்துவப் பேராசிரியரின் மகன். விறகுக் கட்டுரைகள் வெளியானபோது அவருக்கு 18 வயது. பிற்காலத்தில் அவரே பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார், 1864இல். இந்தியக் காடுகளுக்கு என்ன சட்டம் போடுவது என்ற விவாதத்தில் பேடன் பவல் என்ற அதிகாரி ஒரு கூர்மையான கோடு கிழித்தார். அரசு எழுதிக் கொடுத்திருந்தால் உரிமை, மக்கள் வழக்கமாக அனுபவித்து வந்தால் அது வெறும் சலுகை. சலுகையை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிராண்டிஸ் இதை ஏற்கவில்லை. ஐரோப்பாவில் கிராமத்தாருக்கு இருந்த வனப் பாத்தியதைகளை அறிந்தவர் என்பதால் கிராமக் காடுகளுக்கு இடம் வேண்டும் என்றார். 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் கிராமக் காடு என்று ஓர் அத்தியாயம் இடம்பெற்றது. அது பெரும்பாலும் தாளிலேயே இருந்துவிட்டது.

சென்னை மாகாணத்தின் ரெவின்யூ போர்டு இந்த விவாதத்தில் எடுத்த நிலை ஆச்சரியமானது. மாகாணத்தில் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு என்று அநேகமாக எதுவும் இல்லை. தேக்கு, சந்தனம், ஏலக்காய் போன்றவற்றின் மீது வாங்கிய வரியைத் தவிர, அண்மைக்காலம் வரை அரசு எந்தக் காட்டையும் தன் சொத்து என்று சொல்லிக்கொண்டதில்லை. எல்லாக் காடுகளிலும் தொன்றுதொட்டுச் சமூக உரிமைகள் இருக்கின்றன. அவற்றை வரையறுப்பது எவ்வளவு கடினமோ, அவ்வளவு அவசியமானவை அவை கிராம மக்களுக்கு. இப்படி 1871இல் எழுதியவர்கள் புரட்சியாளர்கள் அல்ல, வரி வசூலிக்கும் வெள்ளைக்கார அதிகாரிகள். 1878 சட்டத்தைச் சென்னை ஏற்றுக்கொள்ளவில்லை. 1882இல் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. அந்தச் சட்டத்திலும் ஒதுக்குக் காடு, அதாவது அரசு தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் காடு, அறிவிக்கும் முறை இருந்தது. அறிவிப்பு வந்ததும் உரிமை கோருகிறவர்கள் குறித்த காலத்துக்குள் அதிகாரியிடம் கோர வேண்டும், கோராத உரிமை ரத்து. வரையறுக்கக் கடினமானது என்று போர்டு ஒப்புக்கொண்ட உரிமையை, எழுதப் படிக்கத் தெரியாதவர் கெடுவுக்குள் வரையறுத்துச் சொல்ல வேண்டும் என்று முடிந்தது.

1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் மரம் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. பனை, மூங்கில், அடிக்கட்டை, சுள்ளி, பிரம்பு எல்லாமே மரத்தில் அடக்கம். 1878 சட்டத்திலிருந்து எடுத்து வைத்தது. ரைன் சபையின் உறுப்பினர்கள் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வேறு திசையில் நடக்க முயன்றது. மூங்கில், சுள்ளி, தேன், மெழுகு, பீடி இலை, மூலிகை போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் வனத்தில் வாழ்வோருக்கு உடைமையுரிமையே உண்டு என்றது. வனத்தின் மீது இல்லை, வனம் தருவதன் மீது. கிட்டத்தட்ட 1842ஆம் ஆண்டின் வாதம். ஆனால் அந்த உரிமை தானாகக் கைக்கு வந்துவிடாது. கிராம சபை தீர்மானம் போட வேண்டும், கோட்ட அளவில் ஒரு குழு பார்க்க வேண்டும், மாவட்டக் குழு முடிவு செய்ய வேண்டும்.

2017இல் மூங்கிலைப் பற்றி ஒரு திருத்தம் வந்தது. 1927 சட்டத்தின் மர விளக்கத்திலிருந்து மூங்கிலை மட்டும் எடுத்துவிட்டார்கள். பத்திரிகைகள் பாராட்டின, தாவரவியலில் மூங்கில் புல் வகைதானே என்று. காட்டுக்கு வெளியே பட்டா நிலத்தில் மூங்கில் வளர்ப்பவருக்கு வெட்டவும் கொண்டுசெல்லவும் இருந்த கெடுபிடி இதனால் நீங்கியது. நல்ல காரியம்தான். காட்டுக்குள் வளரும் மூங்கிலுக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது என்று அரசு அப்போதே விளக்கமும் கொடுத்துவிட்டது. 1927 சட்டத்தின் அதே மர விளக்கத்தில் இருக்கும் சுள்ளியை யாரும் தொடவில்லை.

நன்றி, வணக்கம்.